கரை கட்டியோரும் கரைக்கு வெளியே நின்றோரும்

வட சிலாங்கூரின் நீர் வரலாறு கூறும் பாடம்

நீரைத் தேக்கும் கலையும் நீரைத் தடுக்கும் கலையும் தமிழர்க்குப் புதியன அல்ல. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் திருவள்ளுவர். தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி, நீர்நிலைகளைப் பெருக்கும் அரசனே நிலைத்த புகழைப் பெறுவான் என்னும் கருத்துப்பட அறிவுரை கூறினார் குடபுலவியனார். காவிரிப்பூம்பட்டினம் கடலுக்கு இரையான செய்தியை மணிமேகலை சொல்கிறது. நீரின் அருளையும் சீற்றத்தையும் ஒருங்கே அறிந்திருந்த மக்கள் நம் முன்னோர்.

ஆயினும், நீரைப் பற்றிப் பேசும் நூல்கள் பெரும்பாலும் கேளாது விடும் கேள்வி ஒன்றுண்டு. கரையைக் கட்டியவர் யார்? கட்டிய பின் கரையின் எந்தப் பக்கத்தில் அவர் குடியிருந்தார்? கரை எங்கே வரவேண்டும் என்று முடிவு செய்த அவையில் அவருக்கு இடம் இருந்ததா? பருவநிலை மாற்றத்துக்கு ஏற்ப நாட்டைத் தகவமைப்பது பற்றி உலகெங்கும் இன்று திட்டங்கள் தீட்டப்படுகின்றன. அத்திட்டங்களின் அரசியல் முழுவதும் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது. இவற்றுக்கு விடை தேட நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. புஞ்சாக் ஆலாம் தொடங்கிக் கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வரை பரந்து கிடக்கும் வட சிலாங்கூர்த் தோட்டப் பகுதியின் நூற்று நாற்பதாண்டு வரலாறு போதிய சான்று தருகிறது.

ஏரி வாரியமும் கால்வேலி நிலமும்

முதலில் ஒரு பழைய அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். குடவோலை முறையால் உறுப்பினரைத் தேர்ந்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலான வாரியங்களை அமைத்த சிறப்பை வகுப்பறையில் பெருமிதத்துடன் எடுத்துரைப்பதும் உண்டு. அப்பெருமிதம் தகுதியானதே.

ஆனால், அக்கல்வெட்டு விதிக்கும் தகுதிகளையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். குடவோலையில் பெயர் இடப்படுவதற்கு ஒருவன் இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவனாக இருக்க வேண்டும். தன் சொந்த மனையில் எடுத்த வீட்டில் வாழ்பவனாகவும் இருக்க வேண்டும். கல்வியிற் சிறந்தோர்க்கு நில அளவில் சிறிது விலக்கு உண்டு. அவ்வூர் அந்தணர்க்கு வழங்கப்பட்ட பிரமதேயம். ஏரியில் இறங்கி வண்டல் வாரியவர்க்கும் மண் சுமந்தவர்க்கும் ஏரி வாரியத்தில் இடம் இருந்ததாகக் கல்வெட்டில் காணப்படவில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சமூகத்தை இன்றைய அளவையால் குறை கூறுவது இங்கு நோக்கம் அன்று. நிலம் உடையவனே நீரைப் பற்றிப் பேசலாம் என்ற விதி எவ்வளவு பழமையானது என்பதே கருதத்தக்கது. அவ்விதி கல்லில் எழுதப்படாமலே சிலாங்கூரிலும் நடைமுறையில் இருந்து வந்திருக்கிறது.

நிலத்தின் இயல்பு

தித்திவாங்சா மலைத்தொடரில் பிறக்கும் சிலாங்கூர் ஆறு கோல குபு பாருவின் அருகே சமநிலத்தை எட்டி, பெஸ்தாரி ஜெயாவைக் கடந்து, கோல சிலாங்கூரில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கடலோரம் முழுவதும் சேறு படிந்த தட்டைநிலம். அதற்கு வடக்கே, உள்நாட்டில், மக்காத இலைதழைகள் பல்லாயிரம் ஆண்டுகளாய்ப் படிந்து உருவான சதுப்புக் காடு பரந்துள்ளது. அச்சதுப்பு மண்ணை மலாய்க்காரர் காம்புட் என்பர். கடற்சமவெளி முடிந்து மேடு தொடங்கும் இடத்தில் புஞ்சாக் ஆலாம் அமைந்துள்ளது.

இத்தட்டைநிலத்தில் பயிர் செய்வதும் குடியிருப்பதும் கரையாலும் மதகாலும் மட்டுமே இயலும். கடல் பக்கம் மண்கரை எழுப்பி, ஆங்காங்கே மதகு வைத்துள்ளனர். கடல் ஏறும்போது மதகு மூடிக்கொள்ளும்; வற்றும்போது திறந்து, வடிகாலில் தேங்கிய நீரைக் கடலுக்குள் விடும். ஆதலால் ஒரு நாளில் சில மணி நேரமே நீர் வடியக் கிடைக்கும் காலம். பெருமழையும் பெருங்கடலேற்றமும் ஒருசேர வந்தால் நீர் போக வழியில்லை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளதாக அனைத்துலக அறிவியலாளர் குழு மதிப்பிட்டுள்ளது. கடல் உயர உயர, மதகு திறந்திருக்கும் நேரம் குறையும். பருவநிலை மாற்றம் என்னும் பெருஞ்சொல் இவ்வூர்களில் மதகு திறக்கும் மணிக்கணக்காகவே வந்து சேர்கிறது.

உடைந்த அணையும் இடம்பெயர்ந்த ஊரும்

இவ்வாற்றின் மேற்பகுதியில் 1883ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒரு பேரழிவு நேர்ந்தது. பழைய மண்ணணை ஒன்று உடைந்து கோல குபு நகரை வெள்ளம் சூழ்ந்தது. மாவட்ட நீதிபதியாக இருந்த செசில் ரேங்கிங் என்னும் ஆங்கிலேயரும் அதில் இறந்தார். அவர் வெள்ளை முதலையைச் சுட்டதால் அணை உடைந்தது என்ற கதையை மக்கள் பின்னர்ச் சொல்லி வந்தனர். உடைந்த அணை எனப் பொருள்படும் அம்பாங் பெச்சா என்னும் ஊர்ப்பெயர் அந்நிகழ்ச்சியை இன்றும் நினைவூட்டுகிறது.

அணை உடைந்தது ஒரு நாள் நிகழ்ச்சி. அதன்பின் நடந்ததோ நாற்பதாண்டு நிகழ்ச்சி. மலையடிவாரத்தில் ஈயம் தோண்டியோர் கழுவிவிட்ட மணல் ஆற்றில் படிந்து, ஆற்றுப்படுகை மெல்ல மெல்ல உயர்ந்தது. ஊர் தாழ்ந்த இடமாயிற்று. மலாயா முழுவதையும் உலுக்கிய 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின், அவ்விடத்தில் நகரைக் காப்பது அரிது என்பது தெளிவாயிற்று. அரசின் நகரமைப்பு அதிகாரி சார்லஸ் ரீட் வரைந்த திட்டப்படி மேட்டில் புதிய நகர் எழுந்தது. 1930ஆம் ஆண்டை ஒட்டி அரசு அலுவலகங்களும் கடைகளும் அங்கே பெயர்ந்தன. அதுவே கோல குபு பாரு.

இயற்கையோடு மல்லுக்கட்டாமல் ஓர் ஊரையே மாற்றியமைத்த இச்செயலை, இன்று தகவமைப்பு என்று வழங்குவதன் முன்னோடி எனலாம். அரசு மனம் வைத்தால் ஊரைப் பெயர்க்கவும் முடியும் என்பதை அது காட்டுகிறது. ஆனால் எந்த ஊரை? வணிகமும் வரியும் நீதிமன்றமும் இருந்த ஊரை.

வடிகால் வெட்டிய கைகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது, கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தாழ்நிலங்கள் தோட்டங்களாயின. காட்டை அழித்தபின் முதல் வேலை மரம் நடுவதன்று, வடிகால் வெட்டுவதே. தமிழரும் ஜாவானியரும் சீனரும் முழங்கால் சேற்றில் நின்று வெட்டிய வடிகால்களின் மேல்தான் அத்தோட்டங்கள் நின்றன. 1907இல் அமைக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதியும் கங்காணி முறையும் தமிழகத்திலிருந்து ஆள் கொணர்ந்தன.

அக்காலத்தில் தோட்டத்தை அச்சுறுத்தியது வெள்ளத்தினும் மலேரியாக் காய்ச்சல். 1901இல் கிள்ளானில் மருத்துவராகப் பணியேற்ற மால்கம் வாட்சன், சதுப்பை வடித்துக் கொசுவை ஒழிக்கும் முறையைக் கையாண்டு வெற்றி கண்டார். கடற்சமவெளியில் காட்டைத் திருத்தி நீரை வடித்தால் காய்ச்சல் குறைந்தது. மலைத் தோட்டங்களிலோ காட்டை அழித்தால் காய்ச்சல் கூடியது. வெயில் படும் தெளிந்த ஓடையில் வளரும் வேறு வகைக் கொசு அங்கே பெருகிற்று. ஓரிடத்தில் நன்மை செய்த மருந்து வேறிடத்தில் தீமை செய்யும் என்பதும், அதைக் கண்டறியும் வரையில் உயிரால் விலை கொடுத்தவர் லயத்தில் வாழ்ந்த தொழிலாளரே என்பதும் இவ்வரலாறு தரும் செய்திகள்.

மலாயாவில் வணிக நோக்குடன் செம்பனை முதன்முதல் பயிரிடப்பட்டதும் இம்மாவட்டத்தில்தான். பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே 1917இல் அப்பயிரைத் தொடங்கிய தோட்டத்தின் பெயர் தென்னமரம். தமிழ்ச் சொல்லே ஊர்ப்பெயராயிற்று. மண்ணுக்குத் தமிழ்ப் பெயர் இருந்தது. மண்ணின் பத்திரத்தில் தமிழ்த் தொழிலாளியின் பெயர் இல்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், பள்ளி ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. அது அக்காலத்திற்கு ஒரு முன்னேற்றமே. எனினும் வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீடும் போயிற்று.

ஒரே மந்தம், இரு வேறு முடிவுகள்

1930ஆம் ஆண்டையொட்டி எழுந்த உலகப் பொருளாதார மந்தம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். ரப்பர் விலை வீழ்ந்தது. உணவுக்கு வெளிநாட்டு அரிசியை நம்பியிருப்பதன் ஆபத்தை அரசு உணர்ந்தது. 1930இல் நெல் சாகுபடி பற்றி ஆராயக் குழு அமைக்கப்பட்டது. 1932இல் வடிகால் நீர்ப்பாசன இலாகா தோன்றியது. தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் பகுதிகளில் சதுப்பு வடிக்கப்பட்டு, கால்வாய் வெட்டப்பட்டு, மலேசியாவின் நெற்களஞ்சியங்களுள் ஒன்று உருவாகத் தொடங்கியது. பெர்ணம் ஆற்றிலிருந்து சதுப்புக் காட்டின் ஊடே நீர் கொணரப்பட்டது. மலாய்க்காரரும் ஜாவானியரும் பஞ்சார் மக்களும் அங்கே நிலம் பெற்றுக் குடியேறினர். சிகிஞ்சானில் சீனர் உழவராயினர்.

அதே மந்தத்தில் தோட்டத் தமிழர்க்குக் கிடைத்தது என்ன? வேலை இழந்தோர் ஆயிரமாயிரமாய்க் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். உழவர்க்குக் கால்வாய், கூலிக்குக் கப்பல் என்பதே அன்றைய தகவமைப்புக் கொள்கை.

இதை இனப்பகையாகக் காண்பது பிழை. மலாய் உழவரின் நிலம் ரப்பர் நிறுவனங்களின் கைக்குப் போகாமல் காக்கவே 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வுழவருக்கும் வாழ்வு எளிதாக இருந்ததில்லை. ஆங்கில அரசு மக்களை நிலத்தின் வழியே கணக்கிட்டது. உழவன் நிலத்தோடு சேர்த்துக் கணக்கிடப்பட்டான். தொழிலாளி தோட்டத்தின் செலவுக் கணக்கில் எழுதப்பட்டான். செலவைக் குறைக்க நேர்ந்தபோது அவன் முதலில் நீக்கப்பட்டான்.

1957இல் நாடு விடுதலை பெற்றபின் ஊரக வளர்ச்சிக்குப் பெருந்திட்டங்கள் வந்தன. கம்பங்களுக்குச் சாலையும் குழாயும் விளக்கும் சென்றன. தோட்டமோ தனியார் நிலம். பொதுப்பணம் அதன் வேலியைத் தாண்டுவது அரிதாயிற்று. இக்குறையைத் தொழிலாளரே உணர்ந்து செயற்பட்டதற்கு 1960இல் வீ.தி. சம்பந்தன் முயற்சியால் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் சான்று. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர் தம் ஊதியத்திலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்தித் தோட்டங்களை வாங்க முனைந்தனர். நிலமே பாதுகாப்பின் திறவுகோல் என்பதை அவர்கள் எந்த அறிக்கையையும் படிக்காமலே அறிந்திருந்தனர்.

மூவகைக் கரை

மலேசியாவின் கடற்கரை அரிப்பைப் பற்றி 1984 முதல் 1986 வரை ஒரு தேசிய ஆய்வு நடைபெற்றது. ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர்க் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பகுதி அரிக்கப்படுவதாக அது கண்டது. அரிப்புக்கு உள்ளான கரைகளை அது மூன்று வகையாகப் பிரித்தது. கட்டடங்களும் சாலைகளும் உடனடி ஆபத்தில் உள்ள கரை முதல் வகை. பொதுச் சொத்தும் மதிப்புள்ள விளைநிலமும் சில ஆண்டுகளில் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய கரை இரண்டாம் வகை. அரிப்பினால் பொருளிழப்பு இல்லாத அல்லது சிறிதே உள்ள கரை மூன்றாம் வகை. மூன்றாம் வகையில் அரிப்பு ஏற்றுக்கொள்ளத்தக்கது என்று கொள்ளப்பட்டது.

பணம் அளவோடு இருக்கையில் பொறியாளர் இவ்வாறு வரிசைப்படுத்துவதில் தவறு காண இயலாது. எல்லாக் கரையையும் எவராலும் கட்ட முடியாது. ஆயினும் இம்முறையில் ஒளிந்துள்ள விளைவு ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கரைக்குப் பின்னாலுள்ள சொத்தின் விலையே கரையின் தகுதியை முடிவு செய்யுமானால், ஒரு தொழிற்சாலைக்கும் ஒரு லயத்துக்கும் இடையே போட்டியே இல்லை. பலகைச் சுவரும் தகரக் கூரையும் உள்ள வீட்டுக்குச் சந்தையில் மதிப்பில்லை. அதில் வாழ்பவன் அதன் உரிமையாளனும் அல்லன். அவன் இழப்பது கணக்கில் ஏறாத இழப்பு. ஏழையின் வீடு மலிவானது என்பதாலேயே அதைக் காக்கும் செலவு வீண் என்று கணக்கு சொல்லிவிடுகிறது.

தோட்டம் நகரானபின்

1980களிலிருந்து சிலாங்கூர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாய் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. புஞ்சாக் ஆலாமும் அவ்வாறு தோன்றிய புதுநகரே. மலாய் மொழியில் புஞ்சாக் என்றால் சிகரம்; ஆலாம் என்றால் உலகு அல்லது இயற்கை. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிய காடும், வடிகாலோடு கூடிய தோட்டமும் இருந்த இடத்தில் தாரும் கூரையும் வந்தால், அதே மழை விரைந்து ஓடித் தாழ்விடத்தை மூழ்கடிக்கும். மேட்டில் எழும் ஒவ்வொரு வீட்டு வரிசையும் பள்ளத்தில் உள்ள ஒருவரின் வாசலுக்கு நீரை அனுப்புகிறது.

மேட்டை விட்டுச் சென்ற தொழிலாளர் எங்கே குடியேறினர்? பலர் கிள்ளான், ஷா ஆலாம் சுற்றுவட்டாரத்தின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் சென்றனர். மலிவான நிலம் பெரும்பாலும் தாழ்ந்த நிலம். வேறு சிலர் போக இடமின்றி லயத்திலேயே தங்கினர். பெஸ்தாரி ஜெயாவை அடுத்த மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தது நாடறிந்த செய்தி.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாட்களில் பெய்த பெருமழை இவ்வரலாற்றின் கணக்கை ஒரே இரவில் எழுதிக் காட்டியது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரு நாளில் பெய்தது. ஷா ஆலாமில் கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாமான் ஸ்ரீ மூடா கூரை வரை மூழ்கியது. அங்கே இந்தியக் குடும்பங்கள் பல வாழ்ந்தன. கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தாழ்விடங்களும் நீரில் நின்றன. அப்பருவத்தின் வெள்ளத்தால் நாடு முழுவதும் ஐம்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவர இலாகா மதிப்பிட்டது.

வெள்ளத்துக்குப் பின் அரசு வழங்கிய உதவித்தொகை குடும்பக் கணக்கில், குடும்பத்துக்கு 1,000 வெள்ளி என வழங்கப்பட்டது. இங்கே ஒரு முரண் புலப்படுகிறது. வெள்ளம் வந்தபின் தரும் நிவாரணம் குடும்பத்தை எண்ணுகிறது. வெள்ளம் வருமுன் செய்யும் பாதுகாப்போ சொத்தை எண்ணுகிறது. இரண்டாவது கணக்கில் விடுபட்டவரே முதற்கணக்கில் வரிசையில் நிற்கின்றனர்.

சதுப்பும் புகையும்

நீர் மிகுவது ஒரு கேடு. நீர் வற்றுவது மற்றொன்று. சதுப்பு மண்ணில் வடிகால் வெட்டினால், அம்மண் சுருங்கி, காற்றுப் பட்டுக் கரைந்து, ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் தாழ்கிறது. கடல் உயர்கையில் நிலம் தாழுமானால் மதகின் வேலை இரு மடங்கு கடினமாகும். உலர்ந்த சதுப்பில் தீப்பற்றினால் அது மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனன்று கொண்டிருக்கும்.

2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காற்றின் மாசுக் குறியீடு 500ஐத் தாண்டியிருந்தது. புகையின் பெரும்பகுதி சுமத்திராவிலிருந்து வந்தது. பள்ளிகளும் அலுவலகங்களும் மூடப்பட்டன. மாதச் சம்பளக்காரர்க்கு அது விடுமுறை. வெளியில் உழைத்து நாட்கூலி பெறுவோர்க்கு அது ஊதிய இழப்பு. ஒரே புகை இருவருக்கும் ஒன்றாக இருக்கவில்லை.

இப்பகுதியிலேயே நம்பிக்கை தரும் முயற்சி ஒன்றும் நடந்துள்ளது. 1990இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட ராஜா மூசா சதுப்புக் காடு, மரவெட்டாலும் ஆக்கிரமிப்பாலும் தீயாலும் சிதைந்திருந்தது. 2008 முதல் மாநில வன இலாகாவும் சுற்றுச்சூழல் அமைப்பொன்றும் சேர்ந்து பழைய கால்வாய்களை அடைத்து, நீர்மட்டத்தை உயர்த்தி, மரக்கன்று நட்டு வருகின்றன. அருகிலுள்ள ஊர்மக்களும் அப்பணியில் பங்கேற்றனர். நூறாண்டுகளாய்க் கால்வாய் வெட்டுவதே முன்னேற்றம் என்றிருந்த மண்ணில், கால்வாயை அடைப்பதும் அறிவுடைமை ஆயிற்று.

கேட்கப்பட்டோரும் கேட்கப்படாதோரும்

1998ஆம் ஆண்டு வறட்சியில் கிள்ளான் பள்ளத்தாக்கு குடிநீருக்குத் தவித்தது. நகரின் தாகம் தீரச் சிலாங்கூர் ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டப்பட்டது. அதற்காகக் கெராச்சி, பெர்த்தாக் ஆகிய ஊர்களின் தெமுவான் பழங்குடியினர் இடம்பெயர்ந்தனர். நகரின் தகவமைப்பு மலைவாழ் மக்களின் இடப்பெயர்ச்சியாயிற்று. ஆயினும் அதே தெமுவான் இனத்தைச் சேர்ந்த சாகோங் தாசி முதலியோர் நெடுஞ்சாலைக்காகத் தம் நிலத்தை இழந்தபோது வழக்குத் தொடுத்து, 2002இல் உயர்நீதிமன்றத்திலும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் மரபுவழி நில உரிமையை நிலைநாட்டினர். தெற்கே கோல லங்காட் வடக்குக் காப்புக்காட்டின் பெரும்பகுதியை விடுவிக்கும் முடிவு, பழங்குடியினரும் பொதுமக்களும் எழுப்பிய எதிர்ப்பினால் 2021 செப்டம்பரில் கைவிடப்பட்டது. கேட்க வைத்தால் அரசு கேட்கும் என்பதற்கு இது சான்று.

தோட்டத் தொழிலாளர்க்கு அத்தகைய மரபுரிமையும் இல்லை, பட்டாவும் இல்லை. மூன்று தலைமுறை வாழ்ந்த இடத்தில் அவர்கள் சட்டத்தின் கண்ணில் விருந்தினர். இன்று அந்த லயங்களிலும் தொழிலாளர் விடுதிகளிலும் வங்காளதேசத்தினரும் இந்தோனேசியரும் பிறரும் வாழ்கின்றனர். நேற்றுத் தமிழர் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர். தமிழர்க்கு மட்டும் நியாயம் கேட்டு அவர்களை மறந்தால், பழைய பிழையை நாமே செய்தவராவோம்.

கொள்கைகளுக்குக் குறைவில்லை. 2009இல் மலேசியா தேசியப் பருவநிலை மாற்றக் கொள்கையை வகுத்தது. 2024இல் அதன் இரண்டாம் வடிவம் வெளியிடப்பட்டது. 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின் ஏழாம் விதி, தகவமைப்பில் மக்கள் பங்கேற்க வேண்டும் என்றும், எளிதில் பாதிப்புறும் மக்களைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் இந்நாட்டில் நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரம். வடிகாலும் நீர்ப்பாசனமும் இரு அரசுகளுக்கும் பொது. தோட்டமோ தனியாரின் உடைமை. மூவருக்கும் இடையில் உள்ள லயத்து வாசலில் நீர் புகுந்தால் அது யாருடைய பொறுப்பு என்று கேட்கும்போது, ஒவ்வொரு விரலும் மற்றொருவரைச் சுட்டுகிறது.

நிலவுரிமையிலிருந்து குடியுரிமைக்கு

இம்முடிச்சை அவிழ்க்க இயலாதா? 1784இல் கோல சிலாங்கூர்க் குன்றைக் கைப்பற்றியவர் டச்சுக்காரர். அவர்தம் நாட்டின் ஒரு பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே அமைந்தது. அங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டு முதலே நீர் வாரியங்கள் இருந்து வருகின்றன. உத்தரமேரூர் ஏரி வாரியத்தைப் போலவே அவற்றிலும் நெடுங்காலம் நிலம் உடையோரே பேசினர். 1953ஆம் ஆண்டுக் கடல் வெள்ளத்தில் அந்நாட்டில் 1,800க்கு மேற்பட்டோர் மாண்டனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலமில்லாத குடியிருப்போரும் அவ்வாரியங்களில் இடம்பெறும் உரிமை பெற்றனர். நீரால் மூழ்கக்கூடியவன் எவனோ அவனுக்கு நீரைப் பற்றிப் பேச உரிமை உண்டு என்ற கொள்கைக்கு அவர்கள் வந்து சேர எழுநூறு ஆண்டுகள் ஆயின. மற்றவர் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

வட சிலாங்கூருக்கு இக்கொள்கை எவ்வாறு பொருந்தும் என்பது தெளிவு. வெள்ள அபாய வரைபடத்தில் பட்டா உள்ள மனைகளோடு லயங்களும் தொழிலாளர் விடுதிகளும் இடம்பெற வேண்டும். கரையின் பயனைக் கணக்கிடும்போது காக்கப்படும் சொத்தின் விலையோடு காக்கப்படும் உயிர்களின் எண்ணிக்கையும் எழுதப்பட வேண்டும். தோட்டம் நகராகும்போது, அங்கு வாழ்ந்தோர்க்குரிய வீடு மேட்டில் அமைகிறதா பள்ளத்தில் அமைகிறதா என்று அனுமதி வழங்குமுன் கேட்கப்பட வேண்டும்.

தமிழ்ப்பள்ளிகளின் நிலையையும் இங்கே மறத்தல் ஆகாது. தோட்ட நிலத்தில் நிற்பதாலேயே பல பள்ளிகள் அரசின் முழு உதவி பெறாத பகுதி உதவிப் பள்ளிகளாக இருந்து வந்துள்ளன. நிலம் யாருடையது என்ற அதே கேள்வி பள்ளியின் கூரையையும் கழிவுநீர்க் காலையும் தீர்மானிக்கிறது. வெள்ளக் காலத்தில் ஊருக்கு அடைக்கலமாக வேண்டிய கட்டடம் பள்ளியே. அது தானே நனைந்து நிற்குமாயின், ஊர் எங்கே ஒதுங்கும்?

ஆசிரியர்களால் ஆகக்கூடிய தொண்டும் உண்டு. எந்த ஆண்டில், எந்த மாதத்தில், எவ்வளவு உயரம் நீர் வந்தது, எந்த மதகு அடைபட்டிருந்தது, எத்தனை குடும்பங்கள் எத்தனை நாள் வெளியே தங்கின என்பவற்றை முதியோரிடம் கேட்டு மாணவரைக் கொண்டு எழுதச் செய்யலாம். இலாகாவின் ஏட்டில் லயத்தின் வெள்ளம் பதிவாகாத வரை, திட்டம் தீட்டுவோர்க்கு அங்கே வெள்ளம் வந்ததே இல்லை. உத்தரமேரூர் ஊரார் தம் விதியைக் கல்லில் வெட்டி வைத்ததனால்தான் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களைப் பற்றிப் பேச முடிகிறது. வட சிலாங்கூரில் வடிகால் வெட்டிய மக்களின் வரலாற்றை எழுதி வைப்பதற்கு ஒரு பள்ளிக் குறிப்பேடு போதும். அடுத்த கரையை எங்கே எழுப்புவது என்று பேசும் அவையில் அக்குறிப்பேடும் ஒரு சான்றாக வைக்கப்படுதல் வேண்டும்.